ஒற்றைச் சமக்குறி

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே, தேசியத் தொகுப்பி நிறுவனம் இருந்தது. புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலருக்குத் தமிழில் தொகுப்பி என்று பெயர் என்பதை அந்த வட்டாரத்தில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் பெயர்ப்பலகை நட்ட நாளிலிருந்தே, சுனாமியில் வீடு போனவர்கள் தொகுப்பு வீடு கேட்டு மனுவோடு வாசலில் வந்து நின்றார்கள். நிறுவனம் மனுக்களை வாங்கிக்கொண்டது. வாங்க மறுப்பதற்கு விதி இல்லை. வருட முடிவில், "பொதுமக்களிடையே தொகுப்பித் தொழில்நுட்பத்துக்குப் பெரும் வரவேற்பு" என்று டெல்லிக்கு அறிக்கை போயிற்று.

ஷஃபானா 2008ஆம் ஆண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். செங்கல்பட்டுப் பெண். அவளுடைய அத்தா கிஃபாயத்துல்லா பேருந்து நிலையத்துக்கு எதிரே பெட்டி, குடை, பள்ளிக்கூடப் பை விற்கும் கடை வைத்திருந்தார். கல்லூரியில் படிக்கும்போதே ஷஃபானா ஒரு பெரிய வேலையில் தன்னால் ஆனதைச் செய்துவந்தாள். சி, சி++ முதலான சி குடும்பத்து மொழிகளுக்காக உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து, ஒரு தொகுப்பியின் முன்பகுதியை எழுதிக்கொண்டிருந்தார்கள். திறந்த மூல மென்பொருள். யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். புரோகிராம் எழுதுகிறவர் எழுதியதை முதலில் படித்துப் பார்ப்பதுதான் முன்பகுதியின் வேலை. பழைய தொகுப்பிகள் ஏதோ தப்பு என்று முறைத்துவிட்டுப் போய்விடும். இது தப்பு இருக்கிற எழுத்துக்கு நேர் கீழே ஒரு கூர்முனை போட்டுக் காட்டி, இப்படி எழுத நினைத்தீர்களா என்று பொறுமையாகக் கேட்கும். அந்தக் கேள்விகளில் சில ஷஃபானா எழுதியவை.

நிறுவனமும் அதே முன்பகுதியை எடுத்து நம் நாட்டுக்கு ஏற்றபடி வளர்க்கப்போவதாக விளம்பரம் செய்திருந்தது. அவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு இருக்க முடியாது என்று தோன்றியது.

நேர்காணலில் இயக்குநர் முனைவர் கோபாலகிருஷ்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் மேடைக்கு வெளியிலும் மேடைத் தமிழிலேயே பேசுகிறவர்.

"சி குடும்பம், சி குடும்பம் என்கிறார்களே, அந்தக் குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர்?"

"முக்கியமா மூணு சார்."

"அளவான குடும்பம். மகிழ்ச்சி," என்று எழுந்துவிட்டார்.

சேர்ந்த அன்று நிர்வாக அலுவலர் சுந்தரவல்லி அவளுடைய அசல் சான்றிதழ்களை வாங்கி இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். முன்பகுதி பூர்த்தியாகும்வரை அவை அங்கேதான் இருக்கும் என்றாள். ஷஃபானா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடம். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

முன்பகுதிக்கென்று டெல்லியிலிருந்து வந்த நிதியில் கட்டடத்தின் முன்பகுதிக்குக் கருங்கல் வளைவு கட்டினார்கள். மிச்சத்தில் வளைவுக்கு முன்னால் நீரூற்று வைத்தார்கள். ஷஃபானா ஒரு நல்ல கணினி கேட்டபோது, அவள் உட்காரும் அறை கட்டடத்தின் பின்பகுதியில் இருப்பதாகவும் பின்பகுதிக்கு இன்னும் அனுமதி வரவில்லை என்றும் சுந்தரவல்லி விளக்கினாள். திறந்த மூலம் என்ற தலைப்பில் போன கோப்பு தணிக்கையிலிருந்து திரும்பி வந்தது. மூலத்துக்கான செலவை மருத்துவப்படியில்தான் கோர வேண்டும் என்றும், அறுவை சிகிச்சை என்றால் அரசு மருத்துவரின் சான்று தேவை என்றும் ஓரத்தில் எழுதியிருந்தார்கள்.

அந்த மூல நிரலை நிறுவனம் ஓர் அறைக்குள் வைத்து, கதவில் பெரிய பூட்டுப் போட்டிருந்தது. உலகத்தில் யாரும் பார்க்கக்கூடியதை எதற்காகப் பூட்ட வேண்டும் என்று ஷஃபானா கேட்டாள்.

"திறந்த மூலம் என்றால் அதைத் திறப்பதற்கு ஒருவர் வேண்டாமா? பூட்டாத ஒன்றை எப்படித் திறப்பது?" என்றார் இயக்குநர்.

அவளுக்குத் துணையாகப் பட்டாபி என்ற சிறப்பு உதவியாளரைப் போட்டிருந்தார்கள். திருக்கழுக்குன்றத்துக்காரர், கோயில் வேலை பார்க்கும் குடும்பம். என்னவிதமான சிறப்பு, யாருக்கு உதவி என்று அவருக்கே யாரும் சொல்லவில்லை. அவர் அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை.

"இங்க கேள்வி கேக்காதம்மா. கேட்டா பதில் வராது, கமிட்டிதான் வரும்," என்றார் பட்டாபி.

அவர் சொன்னபடியே ஆயிற்று. மாதாந்தர ஆய்வுக் கூட்டத்தில் சுந்தரவல்லி எழுந்து, தொகுப்பி அந்த மாதம் எத்தனை பிழைகள் காட்டியது என்று படித்தாள். இயக்குநர் முகம் சுளித்தார்.

"இத்தனை பிழையா?"

"அது தொகுப்பியோட பிழை இல்ல சார். மத்தவங்க எழுதினதுல அது கண்டுபிடிச்சது," என்றாள் ஷஃபானா.

"போன வருஷம் தொகுப்பியே கிடையாது. அப்ப ஒரு பிழைகூட பதிவாகல. நீ சேர்ந்தப்புறம்தான் இவ்ளோ பிழையும் வருது. இதுக்கு என்ன சொல்ற?" என்றாள் சுந்தரவல்லி.

ஷஃபானா வாய் திறப்பதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். அவளுடைய மௌனத்தை ஒப்புதலாகப் பதிவு செய்தார்கள். பிழையே காட்டாத நிலையை எட்டும்போதுதான் முன்பகுதி பூர்த்தியானதாகக் கொள்ளப்படும் என்று அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். அதாவது, தப்பைச் சொல்வதற்காகவே இருக்கும் ஒன்று தப்பைச் சொல்வதை நிறுத்தினால்தான் அவளுக்குச் சான்றிதழ் திரும்பக் கிடைக்கும். பேருந்தில் வீடு திரும்பும்போது அவள் இதை இரண்டு மூன்று விதமாகத் திருப்பிப் போட்டு யோசித்துப் பார்த்தாள். எந்த விதத்திலும் அது வேறாகவில்லை.

அடுத்து, பிழைச் செய்திகளின் மொழிநடையை ஆராய ஒரு குழு அமைந்தது. 'பிழை' என்ற சொல் பணிபுரிவோர் மனத்தைப் புண்படுத்துவதாகக் குழு கருதியது. வரியின் கடைசியில் அரைப்புள்ளியை விட்டுவிட்டால், "ஐயா, தங்கள் மேலான வரியின் இறுதியில் அரைப்புள்ளி ஒன்று அமையுமானால் நலமாயிருக்கும் எனத் தாழ்மையுடன் கருதப்படுகிறது" என்று தொகுப்பி சொல்ல வேண்டும் என்றார்கள். ஷஃபானா அப்படியே எழுதிக் கொடுத்தாள். பிறகு, இணை இயக்குநர் மற்றும் அதற்கு மேற்பட்ட பதவியில் உள்ளோர் எழுதிய வரிகளில் தொகுப்பி எதையும் கருதக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதையும் செய்தாள். உலகத்திலேயே புரோகிராமைப் படிக்கும் முன்பு எழுதியவரின் பதவியைக் கேட்கும் ஒரே தொகுப்பி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இதெல்லாம் அறைக்குள் நடந்தவரை யாருக்கும் பெரிய சேதமில்லை. சங்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே போயிற்று.

நிறுவனத்துக்குக் கிழக்கே, கழிமுகத்தை ஒட்டி, மணல்மேட்டுக் குப்பம் என்று ஒரு மீனவர் குடியிருப்பு இருந்தது. கடல் ஏறினால் ஊரை எச்சரிக்கும் அபாயச் சங்கு ஒன்றை அங்கே நிறுவி, அதன் புரோகிராமை நம் சொந்தத் தொகுப்பியில் தயாரிப்பது என்று இயக்குநர் முடிவு செய்தார். கழிமுகத்தில் நட்ட குழாய்க்குள் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறும், அபாய அளவுக்கு மேல் போகாது. குறித்த அளவைத் தொட்டால் கம்பத்தின் உச்சியிலுள்ள சங்கு ஊத வேண்டும். சின்ன புரோகிராம்தான். ஷஃபானா எழுதி முடிக்கும் நேரத்தில் இயக்குநர் வந்து நின்றார்.

"இதில் மிக முக்கியமான வரி எது?"

"கடல் மட்டம் அபாய அளவுக்கு வந்துடுச்சான்னு பாக்கற வரி சார்."

"அதை நான் எழுதுகிறேன்."

உட்கார்ந்து எழுதினார். சி மொழியில் ஒரு சமக்குறி போட்டால் அது உத்தரவு. இது இனி அதற்குச் சமமாக இரு என்று பொருள். இரண்டு சமக்குறி சேர்த்துப் போட்டால்தான் கேள்வி. இது அதற்குச் சமமாக இருக்கிறதா என்று பொருள். இயக்குநர் ஒன்று போட்டார். கடல் மட்டம் அபாய அளவில் இருக்கிறதா என்று கேட்பதற்குப் பதிலாக, கடல் மட்டமே, அபாய அளவுக்கு வா என்று எழுதிவிட்டார். இந்தத் தப்பை உலகம் முழுவதும் எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருப்பார்கள். மற்ற தொகுப்பிகள் எச்சரித்துவிடும். இந்தத் தொகுப்பி எழுதியவரின் பதவியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது.

"சார், இந்த இடத்துல ரெண்டு சமக்குறி வரணும்," என்றாள் ஷஃபானா. "ஒண்ணு போட்டா உத்தரவு சார். ரெண்டு போட்டாத்தான் கேள்வி."

இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார்.

"நான் எதற்கம்மா கேள்வி கேட்க வேண்டும்? இத்தனை வருட சேவையில் நான் யாரையும் எதுவும் கேட்டதில்லை. உத்தரவுதான் போட்டிருக்கிறேன். எல்லாமே நடந்திருக்கிறது."

"கடல் மட்டம் சார்..."

"கடலாயிருந்தால் என்ன?"

சுந்தரவல்லி கதவருகே நின்று, ஒரு சமக்குறிக்குத்தான் தொழில்நுட்ப ஒப்புதல் வாங்கியிருக்கிறது, இன்னொன்று வேண்டுமானால் அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றாள்.

திறப்பு விழாவுக்கு டெல்லியிலிருந்து ஒரு கூடுதல் செயலாளர் வந்தார். குப்பத்து மணலில் பந்தல் போட்டு, சோபா போட்டு, சோபாவுக்கு வெள்ளைத் துண்டு போட்டிருந்தார்கள். செயலாளர் பொத்தானை அழுத்தியதும், கடல் இருந்த இடத்திலேயே இருக்க, உத்தரவுப்படி சங்கு ஊதியது. பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். விழாவுக்காக ஊதுகிறது என்று நினைத்துவிட்டார்கள்.

குப்பத்தில் யாரும் அப்படி நினைக்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் கடல் வந்து போன ஊர் அது. உலையை விட்டு, வலையை விட்டு, குழந்தைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஜனங்கள் பந்தலுக்கு நடுவிலேயே புகுந்து சாலையைப் பார்த்து ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துக் கூடுதல் செயலாளரும் ஓடினார். சந்திரம்மா என்ற மீன்காரி மகள் அம்முவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும்போது சோபாவின் காலில் தடுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. முறிந்த கையோடு எழுந்து, மறுகையால் அம்முவைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடினாள். ஷஃபானா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பட்டாபிதான் கம்பத்தடிக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கினார். அவரைச் சேர்த்துக்கொண்டதால் நிறுவனம் அடைந்த ஒரே பயன் அதுதான்.

மறுநாள் செய்தித்தாள்களுக்கு அறிக்கை போயிற்று. "சங்கு ஒலித்த சில நொடிகளில் ஊரே காலி: திட்டம் மாபெரும் வெற்றி."

ஃபியூஸைத் திரும்பப் பொருத்தினார்கள். சங்கு அலுவலக நாட்களில் அலுவலக நேரத்தில் இயங்க வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. ஆகவே காலையில் ஆள் போய்ப் பொத்தானைப் போடுவார். உடனே ஊதும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைப்பார். அணைத்ததும் "சங்கு நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக்கொண்டு வருவார். ஷஃபானா மூன்று தடவை குறிப்பு எழுதி அனுப்பினாள். மூன்றையும் சேர்த்து ஒரு குழு போட்டார்கள். நேராகப் போய் வரியைத் திருத்திவிடலாம் என்று நினைத்தாள். சங்குக்குள் இருக்கும் புரோகிராமை மாற்றும் கருவியும் அந்தப் பூட்டிய அறைக்குள்தான் இருந்தது.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒருநாள் மத்தியானம் அவள் குப்பத்துக்குப் போனாள். சங்கின் வாயில் பழைய வலையும் கோணிச் சாக்கும் திணித்து, மேலே கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கம்பத்தடியில் சந்திரம்மா நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். கையில் மாவுக்கட்டு இருந்தது.

"நீதான அந்தத் தொகுப்பு வூட்டு ஆபீசு?" என்றாள் சந்திரம்மா. "மனு குட்த்து ஒரு வர்சம் ஆவுது. வூடுதான் இல்லன்னா, இத்த வேற கொண்ணாந்து நட்டுட்டீங்க."

"அக்கா, சங்குக்குள்ள யாரு சாக்கு அடைச்சது?"

"ஊரே சேந்துதான் அடச்சிது. இன்னா பண்ண சொல்ற? மொத நாளு ஓடனோம். மறுநாளும் ஓடனோம். அப்பால வூட்டாண்டயே நின்னுகினு எட்டிப் பாத்தோம். இப்ப அது கத்திகினு கீது, கொழந்திங்க பாட்டுக்குத் தூங்கிகினு கீதுங்க." அவள் நெத்திலியைப் பரப்புவதை நிறுத்தினாள். "நெசமாவே தண்ணி வந்துச்சின்னா எங்களுக்கு எப்டிம்மா தெரியும்? முன்னல்லாம் சத்தங் கேட்டா பயமாவது இருந்திச்சி. அத்தையும் புடுங்கிட்டீங்களே."

ஷஃபானா சாலைவரை நடந்து வந்து பேருந்து ஏறினாள். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, செங்கல்பட்டு வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டுப் போக முடியாது, சான்றிதழ் பெட்டியில் இருக்கிறது. பெட்டி திறக்க வேண்டுமானால் தொகுப்பி முழு ஊமையாக வேண்டும். அது ஊமையான இடத்தில்தான் ஒருத்தியின் கை முறிந்தது. அத்தாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"கவர்மென்ட் ஆபீஸ்ல முன்ன பின்ன அப்படித்தான்மா இருக்கும். நீ உன் வேலைய மட்டும் பாரு," என்றார் கிஃபாயத்துல்லா.

"அத்தா, என் வேலையே அதுதான்."

ஞாயிற்றுக்கிழமை பஜார் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். அந்த உலகளாவிய தொகுப்பிக்காரர்களுக்குப் பல மாதங்கள் கழித்து ஒரு திருத்தம் அனுப்பினாள். ஒற்றைச் சமக்குறித் தப்பை இன்னும் பட்டென்று பிடித்து, இன்னும் தெளிவாகச் சொல்லும் திருத்தம். அப்படி அனுப்பும்போது, சோதிப்பதற்கு ஒரு தப்பான வரியையும் கூடவே கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவள் இயக்குநரின் வரியைக் கொடுத்தாள். அதனால் குப்பத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று அவளுக்குத் தெரியும். அந்த வரி தப்புதான் என்று உலகத்தில் யாராவது ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வரி எங்கே கிடைத்தது என்று ஸ்வீடனிலிருந்து ஒருவர் கேட்டார். எங்கள் கடற்கரையில் ஒரு சங்கு இந்த வரியால் தினமும் காரணமில்லாமல் ஊதுகிறது என்று எழுதினாள். அவர் வருத்தம் தெரிவித்து, திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து உலகத்தில் எந்த மூலையில் யார் அந்தத் தொகுப்பியில் கை வைத்தாலும், முதலில் அந்த வரியை ஓட்டிப் பார்ப்பார்கள். தொகுப்பி அதைத் தப்பு என்று சொன்னால்தான் மேற்கொண்டு வேலை நகரும்.

ஸ்வீடன்காரர் நல்ல மனிதர். சில வாரம் கழித்து, சங்கு நின்றதா என்று விசாரித்து நிறுவனத்தின் பொது முகவரிக்கே மின்னஞ்சல் அனுப்பினார். சுந்தரவல்லி அதை அச்செடுத்து, அடிக்கோடிட்டு, இயக்குநர் மேஜையில் வைத்தாள்.

விசாரணை மாநாட்டு அறையில் நடந்தது. புகார் செய்தவர் இயக்குநர், விசாரித்தவரும் இயக்குநர். விசாரணையில் ஒருமித்த கருத்து ஏற்பட அது வசதியாக இருந்தது. சுந்தரவல்லி குற்றச்சாட்டைப் படித்தாள்.

"நம் நாட்டில், நம் நிதியில், நம் அதிகாரி செய்த பிழையை உரிய அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பியது."

"வரி பிழைன்னு ஒத்துக்கறீங்களா மேடம்?" என்றாள் ஷஃபானா.

"பிழை இல்ல. ஆனா அனுப்பினது பிழையத்தான்," என்றாள் சுந்தரவல்லி.

இயக்குநர் கையைத் தூக்கினார். "ஒரு நாட்டின் செல்வம் என்ன? அதன் ரகசியம். ரகசியத்தில் தலையாயது எது? தவறுகள். சாதனைகளை எவனும் காட்டுவான். தவறுகளைக் கட்டிக் காக்கும் நாடுதான் வல்லரசாகும். இந்த நிறுவனத்தை நான் அப்படித்தான் கட்டிக் காத்து வந்தேன். இனி இவர் இங்கே இருக்கலாகாது. பணிநீக்கம். சான்றிதழ்களைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்."

ஷஃபானாவுக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்ததும் உள்ளறைப் பக்கம் திரும்பினாள். சுந்தரவல்லி எழுந்துபோய் இரும்புப் பெட்டியைத் திறந்து, பழுப்பு உறையை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். உறையின் மேல் ஷஃபானாவின் பெயர். திறந்து வைத்த கதவு வழியாகச் சாலையில் செங்கல்பட்டுப் பேருந்து ஒன்று நின்று புறப்படுவது தெரிந்தது. அடுத்த பேருந்தில் போய்விடலாம். வெளியே போனதும் குப்பத்துச் சங்கைப் பற்றி எந்தப் பத்திரிகைக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அவள் உறைக்குக் கையை நீட்டினாள்.

"பதிவுக்காக ஒரு கேள்வி," என்றார் இயக்குநர். "எந்தெந்த நாட்டுக்கு அனுப்பினாய்?"

உண்மையைச் சொல்லியே பழகிய பெண். சொல்லிவிட்டாள்.

"தனியா ஒரு நாடுன்னு இல்ல சார். அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், எல்லா இடத்துலயும் ஓடுது."

"ஓடுகிறதா? எது?"

"உங்க வரி சார். யாரு அந்தத் தொகுப்பியில என்ன மாத்தினாலும், முதல்ல உங்க வரிய ஓட்டிப் பாத்துட்டுத்தான் மாத்த முடியும்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அமெரிக்காவிலுமா?"

"ஆமா சார். ஆனா அது தப்புன்னு காட்டறதுக்காக வெச்சிருக்காங்க..."

"எதற்காக வைத்திருந்தால் என்ன? என் வரியைத் தாண்டாமல் அவர்களால் நகர முடியாது. அப்படித்தானே?"

"அப்படித்தான் சார், ஆனா..."

"தினமும்?"

"தினமும்தான்."

இயக்குநர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். திரும்பியபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. "நான் அப்போதே சொன்னேன். இந்த நாட்டில் என்னைப் புரிந்துகொள்ள யாரும் இல்லை. ஜப்பான்காரன் புரிந்துகொண்டான்." பிறகு சட்டென்று குரல் மாறியது. "அந்த வரியின் அசல் எங்கே இருக்கிறது?"

"குப்பத்துல சார். சங்குக்குள்ள," என்றார் பட்டாபி.

"உலகம் போற்றும் வரியை உப்புக் காற்றில் கம்பத்திலா விட்டு வைத்திருக்கிறீர்கள்? உடனே எடுத்து வாருங்கள். பித்தளையில் பொறித்து முன்பகுதி வளைவில் பதிக்க வேண்டும்."

"சார், அந்த வரிய எடுத்துட்டா அங்க இடம் காலியாயிடும்," என்றாள் ஷஃபானா. "அந்த இடத்துல என்ன போடறது?"

"அங்கே ஏதாவது போடு. அதெல்லாம் என்னைக் கேட்காதே."

அவள் அங்கே வேலை பார்த்த காலத்தில் கேட்ட ஒரே உருப்படியான உத்தரவு அது. பூட்டிய அறையின் சாவியை அவள் கையிலேயே கொடுத்தார்கள்.

"அப்ப பணிநீக்கம் சார்?" என்று சுந்தரவல்லி நினைவூட்டினாள்.

"பணிநீக்கமா? என் வரியை உலகுக்குக் கொண்டுபோனவளையா? இவளை விட்டால் அமெரிக்காக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான். இவளை நிரந்தரமாக்குங்கள். ஓய்வு பெறும்வரை இந்த நிறுவனத்தைவிட்டு எங்கும் போக முடியாதபடி, சட்டத்தில் எந்தச் சந்தும் இல்லாமல் எழுதுங்கள்."

சுந்தரவல்லி பழுப்பு உறையை எடுத்துக்கொண்டு போனாள். ஷஃபானாவின் கை மேஜைமேல் அப்படியே இருந்தது. பெட்டி மூடும் சத்தமும் சாவி சுற்றும் சத்தமும் உள்ளறையிலிருந்து கேட்டன. பட்டாபி குனிந்து, "வாழ்த்துகள்ம்மா. பென்ஷனோட வருது," என்றார்.

செங்கல்பட்டில் கிஃபாயத்துல்லா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அல்வா கொடுத்தார். பெட்டி வாங்காமல் விலை மட்டும் கேட்டவர்களுக்கும் கொடுத்தார். நிரந்தர வேலை என்று கேள்விப்பட்டு வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் சம்பந்தம் பேச ஆள் வந்தது. அம்மா லத்தீஃபா மகளுக்குத் திருஷ்டி கழித்தாள்.

ஷஃபானா அந்த வாரமே குப்பத்துக்குப் போனாள். கருவியைச் சங்குப் பெட்டியில் செருகி, இயக்குநரின் வரியை எடுத்துவிட்டு, காலியான இடத்தில் தன் வரியைப் போட்டாள். இரண்டு சமக்குறி. குப்பத்து ஆட்கள் ஏணி வைத்து ஏறிச் சாக்கையும் வலையையும் பிடுங்கி எறிந்தார்கள். இன்றைக்குச் சோதனை, யாரும் ஓட வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லியாகிவிட்டது. பொத்தானைப் போட்டாள். சங்கு பேசாமல் இருந்தது. ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் குழாயருகே மண்டியிட்டு, மிதவையைக் கையால் மேலே தூக்கினாள். சங்கு ஊதியது. மிதவையை விட்டாள். நின்றுவிட்டது.

"அட, நின்னுட்ச்சி!" என்றாள் சந்திரம்மா. மாவுக்கட்டு பிரித்த கையை மறு கையால் தேய்த்துக்கொண்டாள். "தண்ணி வந்தா மட்டுந்தான் கத்துமா இனிமே?"

"தண்ணி வந்தா மட்டுந்தான்கா."

"நல்லாருப்ப. உன்ன வேலய வுட்டு தூக்கறாங்கன்னு பேசிகினாங்களே?"

"இல்லக்கா. பர்மனென்ட் பண்ணிட்டாங்க."

"யம்மாடி! கவர்மென்ட்டு வேல, பர்மனென்ட்டு வேற!" சந்திரம்மா முகமெல்லாம் மலர்ந்தாள். "உன்ன இனிமே யாராலயும் அசைக்க முடியாது. எங்க அம்மு பத்தாவது முடிச்சதும் உங்க ஆபீசுல ஒரு எடம் பாத்து குடும்மா. உனுக்குப் புண்ணியமாப் போவும்."

ஷஃபானா அம்முவைப் பார்த்தாள். ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு, ஏணியின் முதல் படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி பாத்துடறேன்கா," என்றாள் ஷஃபானா.

மறுபடி மண்டியிட்டு மிதவையைத் தூக்கினாள். சங்கு முழு மூச்சில் ஊதியது. சவுக்குத் தோப்பிலிருந்த காக்கைகள் கலைந்து பறந்தன. அவள் கடலைப் பார்த்தபடி, வாயைத் திறந்து, தொண்டை கிழியக் கத்தினாள். மூச்சு தீரும்வரை கத்திவிட்டு மிதவையை விட்டாள். சங்கு அடங்கியது.

சந்திரம்மா காதிலிருந்து விரலை எடுத்தாள்.

"இன்னாமோ சொன்னியே, இன்னாம்மா?"

"ஒண்ணுமில்லக்கா," என்று ஷஃபானா எழுந்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "நல்லா வேல செய்யுது."